சென்சாரைக் கழற்றும் முன்: பட்டறை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்தமாகப் பட்டறை நடத்தும் கார் மெக்கானிக் நண்பர்களுக்கும், அவர்களிடம் வேலை பழகும் தம்பிகளுக்கும்,

வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டு என் பட்டறைக்கு வரும் பெட்ரோல் கார்களில் ஒரே புகாரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "செக் லைட் எரிஞ்சுது. ஸ்கேன் பண்ணாங்க, ஆக்சிஜன் சென்சார் போச்சுன்னாங்க. மாத்தியாச்சு. ஒரு வாரம் நல்லா இருந்துது, இப்ப மறுபடி லைட் எரியுது. பிக்கப்பும் இல்ல." பழைய சென்சாரைப் பையில் போட்டுக் கொண்டுவருபவர்களும் உண்டு. அதை வாங்கி மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பல ஆயிரம் ரூபாய் செலவழித்து நல்ல பொருளைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பொருளை மாட்டியிருக்கிறார்கள். கோளாறு மட்டும் வந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஸ்கேனர் நம் கைக்கு வந்தபோது அதை எப்படிப் படிப்பது என்று நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. நாமாகப் பார்த்துப் பழகினோம். அதில் விட்டுப்போன ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அதன் பொருள். அந்த வரியில் சென்சார் கெட்டுவிட்டது என்று எங்கேயும் இல்லை. சென்சார் சொல்வதை இசிஎம் முழுதாக நம்பி, பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, இதற்கு மேல் கூட்ட முடியாது என்ற எல்லைக்கு வந்த பிறகுதான் இந்தக் கோடே பதிவாகிறது. சென்சார்மேல் சந்தேகம் இருந்தால் இசிஎம் வேறு எண்களைக் காட்டும். முன் சென்சாரின் சர்க்யூட்டுக்கு பி0130, வோல்டேஜ் தாழ்ந்தே நின்றால் பி0131, உயர்ந்தே நின்றால் பி0132, மந்தமாக வேலை செய்தால் பி0133, அசைவே இல்லையென்றால் பி0134, ஹீட்டர் சர்க்யூட்டுக்கு பி0135. இவை வந்தால்கூட உடனே சென்சாரை மாற்றிவிடக் கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன். பி0171-க்கு எடுத்த எடுப்பில் சென்சார் வாங்க ஆள் அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்றுதான். ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை. எரிந்து முடிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை மட்டும்தான் அளக்கிறது. மிஞ்சியது அதிகமென்றால் லீன், குறைவென்றால் ரிச் என்று இசிஎம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்பது சென்சாருக்கும் தெரியாது, இசிஎம்முக்கும் தெரியாது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை, அதற்குத்தான் கஸ்டமர் நமக்குக் காசு தருகிறார்.

இந்தச் சென்சார் வந்த காரணத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1976-ல் கலிபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டத்துக்கு ஈடுகொடுக்க வோல்வோ தன் 240 காரில் பாஷ் தயாரித்த லாம்டா சென்சாரைப் பொருத்தியது. மூன்று நச்சு வாயுக்களையும் ஒரே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சுத்தம் செய்ய வேண்டுமானால், கலவை 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவை ஒட்டியே ஓட வேண்டும். கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனாலும் கன்வெர்ட்டர் பாதி வேலைதான் செய்யும். அந்த அளவில் பிடித்துவைக்கத்தான் சென்சார். நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது. கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி ஏற்பாட்டின் இரண்டாம் கட்டம் 2013-ல் கட்டாயமானது. இன்று நம் பட்டறை வாசலில் நிற்கும் பெட்ரோல் கார்கள் அநேகமாக எல்லாம் இந்தச் சென்சார் சொல்படி ஓடுபவைதான்.

இனி வேலைக்கு வருவோம். கோடைப் பார்த்ததும் அழிக்காதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் கூடவே போய்விடும். கோடு விழுந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு லோடு இருந்தது என்று இசிஎம் நமக்காக எடுத்துவைத்த குறிப்பு அது. அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு லைவ் டேட்டாவுக்குப் போங்கள்.

அங்கே ஃப்யூயல் டிரிம் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஷார்ட் டேர்ம் என்பது இந்த நிமிடத் திருத்தம். லாங் டேர்ம் என்பது பல நாள் ஓட்டத்தில் இசிஎம் கற்றுக்கொண்டு நிரந்தரமாக்கிய திருத்தம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் குறி என்றால் இசிஎம் பெட்ரோலைக் கூட்டுகிறது, கழித்தல் என்றால் குறைக்கிறது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. இருபதைத் தாண்டி இருபத்தைந்தை நெருங்கும்போதுதான் பெரும்பாலான கார்களில் லைட் எரியும். அப்படியானால் லைட் எரிவதற்குப் பல மாதம் முன்பே அந்த எஞ்சின் தடுமாறத் தொடங்கியிருக்கும். சர்வீசுக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும், லைட் எரியாவிட்டாலும், டிரிம்மை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. ஐடிலிங்கில் பாருங்கள், 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள், பிறகு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து ரோட்டில் மேடேற்றிப் பாருங்கள். மூன்று இடத்திலும் எண் எப்படி மாறுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. ஐடிலிங்கில் நான்கு, 2,500-ல் பன்னிரண்டு, மேட்டில் இருபத்திரண்டு என்று ஏறினால் எஞ்சின் கேட்கக் கேட்கப் பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்குக்குள் இருக்கும் பம்ப், அதன் அடியில் உள்ள வலை, ஃபில்டர், ரெகுலேட்டர், இன்ஜெக்டர் என்று அந்த வழியில் தேட வேண்டும். பிரஷர் கேஜ் இல்லாமல் இதை முடிவுசெய்யாதீர்கள். மேனிஃபோல்டுக்குள் இன்ஜெக்ட் செய்யும் சாதாரண பெட்ரோல் கார்களில் பிரஷர் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். சரியான எண்ணை அந்தந்தக் காரின் புத்தகத்தில் பாருங்கள். பிரஷர் சரியாக இருந்தும் பெட்ரோலின் அளவு குறையலாம். தேய்ந்த பம்ப் ஐடிலிங்கில் நல்ல பிரஷரைக் காட்டிவிட்டு மேட்டில் கைவிடும். கேஜை மாட்டி ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது சிரமம்தான். சென்சார் மாற்றிய பிறகு கஸ்டமருக்குப் பதில் சொல்வது அதைவிடச் சிரமம்.

இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் இருபது காட்டி ரேஸ் கொடுத்ததும் ஐந்துக்கு இறங்கினால், எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ரேஸ் கொடுத்தால் மொத்தக் காற்று கூடுவதால் அதே ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். இது எல்லா வீடியோவிலும் சொல்லப்படுவதுதான். ஆனால் இங்கே நம் ஊர் மெக்கானிக் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பலருக்கும் யாரும் சொல்லித் தராத இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கார்களை வைத்து எடுத்தவை. அங்கே ஏர் ஃபில்டருக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவில் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கும். உள்ளே போகும் காற்றை அது அளக்கும். அதைத் தாண்டி ஒரு ஹோஸ் கிழிந்தால், அந்த வழியாகப் போகும் காற்று அளவில் வராது, அதனால் லீன். நம்மிடம் வரும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அந்தச் சென்சாரே கிடையாது. மேனிஃபோல்டில் மாட்டிய மேப் சென்சார்தான் இருக்கும். அது காற்றை அளப்பதில்லை, மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கிறது. அந்த அழுத்தம், ஆர்பிஎம், காற்றின் வெப்பம் மூன்றையும் வைத்து எவ்வளவு காற்று போயிருக்கும் என்று இசிஎம் கணிக்கிறது. இப்போது ஹோஸ் கிழிந்தால் என்ன ஆகும்? காற்று உள்ளே போகிறது, மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறுகிறது, மேப் சென்சார் அதைப் பார்த்துவிடுகிறது, இசிஎம் அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடுகிறது. கலவை அவ்வளவாகக் கெடாது. ஐடிலிங் ஏறி நிற்கும், அல்லது ஐடிலிங்கை இறக்க முடியாமல் வண்டி ஏறி இறங்கித் தவிக்கும். டிரிம் அவ்வளவாக ஏறாது.

ஆக, மேப் சென்சார் உள்ள காரில் பி0171 வந்தால் முதலில் வேக்கம் லீக்கைத் தேடி அரை நாளைச் செலவழிக்காதீர்கள். பெட்ரோல் சப்ளையையும், முன் சென்சாருக்கு முன்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் லீக்கையும், மேப் சென்சார் சரியாகப் படிக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். மேப் சென்சாரைச் சோதிக்கத் தனி டூல் எதுவும் வேண்டாம். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் எண்ணைப் பாருங்கள். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோ பாஸ்கலை ஒட்டி இருக்கும், கோவையில் 96 அல்லது 97, ஊட்டிக்கு ஏற்றினால் 77 பக்கம் வரும். சென்னையில் நிற்கும் வண்டியில் 90 காட்டினால் அந்தச் சென்சார் குறைத்துச் சொல்கிறது. குறைத்துச் சொன்னால் இசிஎம் பெட்ரோலையும் குறைத்துக் கொடுக்கும், வண்டி லீன் ஆகும். மேப் சென்சாருக்குத் தனி ஹோஸ் இருக்கும் வண்டியில் அந்த ஹோஸ் கிழிந்தால் எதிர்மாறாக ரிச் ஆகும். ஓட்டை என்றாலே லீன் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள்.

மேப் சென்சார் வண்டியிலும் ஒரு இடத்து லீக் மட்டும் கலவையைக் கெடுக்கும். மேனிஃபோல்ட் பேக்கிங் ஒரு சிலிண்டரின் வாய்க்குப் பக்கத்தில் விட்டுக்கொடுத்தால், அந்தச் சிலிண்டருக்கு மட்டும் காற்று கூடி அது மிஸ் அடிக்கும். ஐடிலிங்கில் வண்டி ஆடும், பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒரு மிஸ்ஃபயர் கோடும் கூடவே வரும். காரில் எந்தச் சென்சார் இருக்கிறது என்று தெரியாவிட்டால் லைவ் டேட்டாவைப் பாருங்கள். கிராம் கணக்கில் காற்று காட்டினால் மாஸ் ஏர் ஃப்ளோ, கிலோ பாஸ்கலில் மட்டும் காட்டினால் மேப்.

லீக்கைத் தேட ஸ்மோக் மெஷின் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் கார்புரேட்டர் கிளீனரை ஸ்பிரே பண்ணி ஐடிலிங் மாறுகிறதா என்று பார்க்கிறோம். ஓடுகிற எஞ்சின்மேல், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதை அடிப்பது தீ விபத்துக்கு வழி. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பையன்களிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இப்போது பொய் லீனுக்கு வருகிறேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பேக்கிங் லேசாக விட்டிருக்கிறது, அல்லது மேனிஃபோல்டில் மயிர்போல ஒரு விரிசல். புகை ஒரே சீராக வெளியேறுவதில்லை, துடித்துத் துடித்துத்தான் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்று சொல்லும். அதை நம்பி இசிஎம் பெட்ரோலை ஏற்றிக்கொண்டே போகும். இப்போது எஞ்சின் உண்மையில் ரிச்சாக ஓடிக்கொண்டிருக்கிறது. மைலேஜ் விழுகிறது, பிளக் கரிப்பிடிக்கிறது, கோடு மட்டும் லீன் என்கிறது. லீன் கோடும் கறுத்த பிளக்கும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால் முதலில் எக்ஸாஸ்ட் லீக்கைத் தேடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்ட் பக்கம் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சூடானதும் உலோகம் விரிந்து அந்தச் சத்தம் மறைந்துவிடும்.

மிஸ்ஃபயரும் இதே வேலையைத்தான் செய்யும். ஒரு சிலிண்டரில் தீப்பொறி இல்லையென்றால், அதில் போன பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் எரியவில்லை. இரண்டும் அப்படியே சைலன்சருக்குப் போகின்றன. பச்சைப் பெட்ரோல் போகிறதே, ரிச் என்றல்லவா காட்ட வேண்டும் என்று தம்பிகள் கேட்பார்கள். சென்சார் பார்ப்பது ஆக்சிஜனை மட்டும். செலவாகாத ஆக்சிஜன் மொத்தமாக வருவதால் லீன் என்றுதான் காட்டும். ஒரு இக்னிஷன் காயில் போய் மிஸ் அடிக்கும் வண்டியில் லீன் கோடைப் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றினால், காயில் அப்படியே இருக்கும், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும். மிஸ்ஃபயர் கோடும் லீன் கோடும் சேர்ந்து வந்தால் பிளக், காயில், கம்ப்ரெஷன் பக்கம் முதலில் போங்கள்.

அப்படியென்றால் சென்சார் கெட்டே போகாதா? கெட்டுப்போகும். அதை நிரூபித்துவிட்டு மாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பழைய வகை நான்கு ஒயர் சிர்கோனியா சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும், 0.45-க்கு மேலே ரிச், கீழே லீன். 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் அது வேலை செய்யத் தொடங்கும், அதற்குத்தான் உள்ளே ஹீட்டர். எஞ்சின் சூடானதும் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து கிராஃபைப் பாருங்கள். பத்து நொடிக்குள் பல தடவை மேலும் கீழும் போய்வர வேண்டும். தாழ்ந்தே நின்றால் அது சென்சார் கோளாறாகவும் இருக்கலாம், உண்மையான லீனாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க, திராட்டிலைச் சட்டென்று திறந்து விடுங்கள், அல்லது ஏர் இன்டேக்கில் கொஞ்சம் எல்பிஜியைக் கவனமாகக் கொடுங்கள். உடனே 0.8-க்கு மேல் துள்ளினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது, அது சொல்லும் லீனுக்குக் காரணம் வெளியே இருக்கிறது. கொடுத்தும் அசையவில்லையென்றால், அல்லது சோம்பலாக ஏறினால், அப்போது அதைச் சந்தேகியுங்கள்.

காசில்லாத இன்னொரு சோதனை இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சாரைப் பாருங்கள். முன் சென்சார் லீன் லீன் என்று கத்தும்போது, பின் சென்சார் 0.7 வோல்ட்டுக்கு மேல் அசையாமல் நின்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கின்றன என்று அர்த்தம். முன் சென்சாரோ அதன் பக்கத்து எக்ஸாஸ்ட் லீக்கோதான் பொய் சொல்கிறது. இரண்டுமே தாழ்ந்திருந்தால் வண்டி உண்மையிலேயே லீன். இதிலும் சந்தேகம் தீரவில்லையென்றால் பக்கத்தில் புகைச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் நான்கு வாயு அனலைசர் இருக்கும். வேகமான ஐடிலிங்கில் அங்கே வரும் லாம்டா எண் 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். டிரிம் இருபது காட்டும் வண்டியில் அங்கே கார்பன் மோனாக்சைடு அதிகமாக வந்தால், எஞ்சின் பெட்ரோலைத் தேவைக்கு மேல் குடிக்கிறது, சென்சாரின் சொல் பொய்.

பல பிஎஸ்6 கார்களில் முன்னால் இருப்பது ஐந்து ஒயர் வைட்பேண்ட் சென்சார். அதில் 0.45 வோல்ட் கணக்கு செல்லாது. ஸ்கேனரில் லாம்டா எண்ணாகப் பாருங்கள், ஒன்றை ஒட்டி நிற்க வேண்டும். அந்த ஒயரில் மல்டிமீட்டரைக் குத்தி வோல்ட் பார்த்து சென்சார் கெட்டது என்று முடிவுசெய்தால் தப்பாகத்தான் முடியும்.

பி0131, பி0134, பி0135 போன்ற கோடுகள் வந்தாலும் முதலில் ஒயரைப் பாருங்கள். நம் ஊரில் எலி ஒரு பெரிய பிரச்சினை. போனட்டுக்குள் புகுந்து சென்சார் ஒயரைக் கடித்துவைத்த வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹீட்டர் கோடென்றால் ஃப்யூஸையும், கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்பதையும் பாருங்கள். பிறகு ஹீட்டரின் இரண்டு ஒயர்களுக்கு நடுவில் ரெசிஸ்டன்ஸ் அளந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது சில ஓம்ஸ் வர வேண்டும். ஓப்பன் காட்டினால் சென்சாரை மாற்றத் தயங்க வேண்டாம்.

சென்சாரைக் கொல்லும் பழக்கங்கள் சிலவும் நம்மிடம் இருக்கின்றன. வால்வு கவர் ஒழுகுகிறதென்று மலிவான சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாக வைத்து ஒட்டுகிறோம். அதிலிருந்து வரும் ஆவி எரிந்து சென்சார் முனையில் வெள்ளைப் பூச்சாகப் படிந்துவிடும், அதன்பின் அது மந்தமாகிவிடும். சென்சாருக்குக் கெடுதல் செய்யாதது என்று டப்பாவில் போட்டிருக்கும் பேஸ்ட்டை வாங்குங்கள். ஹெட் பேக்கிங் போய் கூலன்ட் எரியும் வண்டியிலும், ஆயில் குடிக்கும் வண்டியிலும் புது சென்சார் நிலைக்காது. காரணத்தைச் சரிசெய்த பிறகு மாட்டுங்கள். கழற்றிய சென்சாரை தின்னரில் ஊறவைத்து ஒயர் பிரஷ்ஷால் தேய்ப்பதை நிறுத்துங்கள்; அதனால் எதுவும் சரியாகாது. வெட்டி ஒட்டும் யுனிவர்சல் சென்சாரில் ஒயரைச் சால்டர் பண்ணாதீர்கள். இந்த வகை சென்சார்கள் பலவும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும் வெளிக்காற்றை ஒயரின் இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும், கிரிம்ப் போட வேண்டும். கனெக்டருக்குள் கிரீஸ் அடைப்பதும் அதேபோலத்தான். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் கழற்றிய சென்சாரை மாட்டி வண்டியை ஓட்டிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அது எந்த வண்டியில் எத்தனை வருடம் என்ன புகையைச் சுவாசித்தது என்று யாருக்கும் தெரியாது.

கோடு வராமலிருக்க கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, பின் சென்சாரை ஏமாற்ற ஒரு பொருளை மாட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்தப் புகையை அந்தத் தெருவில் நடக்கும் குழந்தைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

இப்போது இதை எழுத வேண்டிய அவசரத்துக்கு வருகிறேன். 2023 பிப்ரவரியில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வரத் தொடங்கியது, இப்போது பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. எத்தனால் எரியத் தேவையான காற்று பெட்ரோலைவிடக் குறைவு, 1 கிலோவுக்கு 9 கிலோதான். கலந்து கணக்குப் போட்டால் இ20-க்குச் சரியான அளவு 13.5 பக்கம் வருகிறது. இ10-க்கு அது 14.1. அதாவது இ10-க்குத் தயாரான காரில் இ20 ஊற்றினால் இசிஎம் மூன்று நான்கு சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். எத்தனாலே கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்த பழைய காரில் ஏழெட்டு சதவீதம். நல்ல நிலையில் இருக்கும் கார் இதைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். ஆனால் ஏற்கனவே பம்ப் தேய்ந்து, ஃபில்டர் பாதி அடைத்து, டிரிம் பதினெட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய காருக்கு இந்தக் கூடுதல் சதவீதம்தான் எல்லையைத் தாண்ட வைக்கும். வண்டி நேற்றுவரை நன்றாக ஓடியதென்று கஸ்டமர் சொல்வார். அதில் பொய்யே இல்லை, கோடு அன்றுதான் விழுந்திருக்கும். பழைய டேங்கில் படிந்திருக்கும் கசடை எத்தனால் கரைத்து இளக்கி ஃபில்டருக்கு அனுப்புவதும் உண்டு.

இந்த இடத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. எல்லாம் இ20-ஆல்தான் என்று ஒரு பக்கம் கைகழுவிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் எல்லாம் சென்சாரால்தான் என்று மாற்றிவிடுகிறார்கள். இரண்டுமே கஸ்டமருக்கு உதவாது. இ20 தரும் கூடுதல் எவ்வளவு என்று நமக்குத் தெரியும், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தேட வேண்டும். லாங் டேர்ம் டிரிம் இருபத்திரண்டு காட்டும் வண்டியில் நான்கு எத்தனாலுடையது என்றால், மற்ற பதினெட்டுக்கு ஒரு காரணம் அந்த வண்டிக்குள் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால், பெட்ரோல் போதாமல் லோடில் ஓடும் எஞ்சின் நாக்கிங் அடித்து ஒருநாள் பிஸ்டனைத் தின்றுவிடும்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். இவ்வளவு நேரம் சோதித்துப் பார்த்தால் யார் காசு தருவார்கள்? சென்சார் மாற்றினால் ஸ்பேரில் லாபம் வரும், சோதனைக்கு என்ன வரும்? இந்தக் கேள்வியில்தான் நம் தொழிலின் வலியே இருக்கிறது. டாக்டரிடம் மருந்தே எழுதாவிட்டாலும் பார்த்ததற்குப் பணம் கொடுக்கும் நம் ஊர் மக்கள், மெக்கானிக்கிடம் பொருள் மாற்றினால்தான் பணம் என்று பழகிவிட்டார்கள். பழக்கிவிட்டவர்களும் நாம்தான். பார்க்கிறதுக்கெல்லாம் காசு வேண்டாம் சார் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தின் விலையை ஒரு தேவையில்லாத சென்சாரில் ஏற்றிவிடுகிறோம். கஸ்டமர் கூடுதலாகத்தான் கொடுக்கிறார், கோளாறும் தீரவில்லை, நம் பெயரும் கெடுகிறது.

சோதனைக்கென்று ஒரு கட்டணத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வண்டி உள்ளே வந்ததும் சொல்லிவிடுங்கள்: "முதல்ல என்ன பிரச்சினைன்னு பாக்கிறதுக்கு இவ்வளவு ஆகும். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி உங்ககிட்ட எண்ணைக் காட்டுவேன்." முதல் சில மாதம் சிலர் திரும்பிப் போவார்கள். மற்றவர்கள் உங்கள் பட்டறையை விட்டு வேறெங்கும் போக மாட்டார்கள். சோதிக்காமல் மாற்றிய பொருள் கஸ்டமருக்கும் நமக்கும் எந்த விடையும் சொல்லாது. சோதித்து மாற்றிய பொருளுக்கு உங்கள் பெயரில் தைரியமாகக் கியாரண்டி கொடுக்கலாம்.

பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுபோல கிராஃப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். ஒரு நல்ல வண்டியை எடுத்து, ஒரு வேக்கம் ஹோஸை வேண்டுமென்றே கழற்றி, டிரிம் என்ன ஆகிறது என்று அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு இன்ஜெக்டர் கனெக்டரைச் சில நொடிகள் மட்டும் பிடுங்கி, சென்சார் என்ன சொல்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போகாது, காற்று மட்டும் எரியாமல் வெளியே வரும், சென்சார் லீன் என்று சொல்லும். ஒருதடவை கண்ணால் பார்த்தவன் பிறகு மறக்க மாட்டான். ஸ்கேனரைத் தனியாகப் பூட்டிவைத்துவிட்டு முதலாளி மட்டும் பார்ப்பது என்ற பழக்கத்தை விட்டுவிடுவோம். அவர்களில் சிலர் நாளை தனியாகப் பட்டறை வைப்பார்கள், வைக்கட்டும்.

கடைசியாக ஒரு வேலையை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோல் கார் எது வந்தாலும் ஜாப் கார்டில் நான்கு எண்களை எழுதுங்கள்: ஐடிலிங்கில் மொத்த டிரிம், 2,500-ல் மொத்த டிரிம், சாவி ஆனில் மேப் அழுத்தம், வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தபின் மீண்டும் டிரிம். எந்தப் பங்க்கில் பெட்ரோல் ஊற்றியது என்று கேட்டு அதையும் குறித்துவைத்தால் இன்னும் நல்லது. பொருள் எதையாவது மாற்றியிருந்தால் பழையதைக் கஸ்டமர் கையில் கொடுங்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதை எண்ணோடு சொல்லுங்கள். கார்டின் நகல் ஒன்றைக் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். வெளியூரில் நின்றுபோய் அந்த வண்டி வேறொரு பட்டறைக்குள் போனால், முன்பு எவ்வளவு காட்டியது, இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று அங்கே இருப்பவர் ஒரு பார்வையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவன்